ஏழாம் எண் எலி

நரம்பியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய நாள் என்றது அழைப்பிதழ்.

பொன்னெழுத்துக்குச் செலவாகும். மஞ்சளில் அச்சடித்திருந்தார்கள்.

விழா நாயகரான பேராசிரியர் மேடையில் நடு நாற்காலியில் இருந்தார். கழுத்தில் சந்தன மாலை. மடியில் மூன்று சால்வைகள்.

பக்கத்தில் பெரிய திரை. அதில் ஓர் எண்.

9,999.

அவருடைய கட்டுரைகளை உலகம் இதுவரை மேற்கோள் காட்டிய தடவைகள். அடுத்தது எந்த நிமிடமும் வரலாம். வந்த நொடியில் எழுந்து நின்று கைதட்டவேண்டும் என்று மாணவர்களுக்கு இயக்குநர் ஒத்திகையே நடத்தியிருந்தார்.

பாதிக்கு மேல் ஒரே கட்டுரைக்கு வந்தவை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் எழுதிய நான்கு பக்கம். மூளையில் கடுகளவு இடம் ஒன்றை வெட்டி எடுத்தால் எலிக்குப் பழகிய வழி மறந்துபோகும்.

பதினோரு எலிகள். பதினொன்றும் மறந்தன.

இந்த ஆய்வுக்கழகத்தில் யார் எதை எழுத உட்கார்ந்தாலும் முதல் மேற்கோள் அதுதான். பிள்ளையார் சுழி மாதிரி. மீன் குடலைப் பற்றி எழுதியவர்கூடப் போட்டிருக்கிறார்.

பதினொன்று.

வாங்கியது பன்னிரண்டு.

நான்காவது சால்வையோடு மரியசூசை மேடையேறினார். எலிக்கூடத்தில் முப்பது வருடம் தீனி போட்டு ஓய்வு பெற்றவர். சால்வையைப் போர்த்தியவர் காதருகே குனிந்தார்.

"நம்ம ஏழாம் நம்பரு இருந்திருந்தா இன்னிக்கு எவ்ளோ சந்தோசப்பட்டிருக்கும் சார். கூண்டைத் திறந்தா நேரா வேர்க்கடலைகிட்டதான் போய் நிக்கும். ஆபரேசனுக்கு அப்புறமும் எட்டு மாசம்ல நம்மகூட இருந்துச்சு!"

கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார். அவர் சிரித்தார்.

குறிப்பேட்டில் அவர் கையெழுத்தில் இருப்பது வேறு.

எண் 7: அறுவையின்போது இறந்தது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், பெட்டிக்குள் அமைத்த புதிர்ப்பாதையில் ஏழாம் எண் நடந்தது. இடம், வலம், வலம், இடம். ஒரு திருப்பத்திலும் நிற்கவில்லை.

கத்தி தவறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஒன்று மறக்காவிட்டால் கட்டுரை தயங்கும். பெரிய இதழ்களுக்குத் தயக்கம் ஆகாது.

எட்டு மாதம் கழித்து அது தானாகச் செத்தது. மூளையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

கத்தி தவறவில்லை. கடுகளவு இடம் அங்கே இல்லை. சுத்தமாக இல்லை.

கண்ணாடித் தகட்டைக் கழுவி வைத்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்த வராந்தாவில் நடந்தாலும் பின்னால் சின்ன நகங்களின் சத்தம். விருது வாங்கப் போன ஊர்களிலும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். நடந்தால் நடக்கும். எந்தத் திருப்பத்திலும் அவரைத் தவறவிட்டதில்லை.

திரையில் மணி அடித்தது.

10,000.

அரங்கம் எழுந்து நின்றது. ஒத்திகையைவிட நன்றாகவே தட்டினார்கள்.

எண்ணுக்குக் கீழே, மேற்கோள் காட்டிய கட்டுரையின் தலைப்பும் முதல் வரிகளும் சிறிய எழுத்தில் ஓடின. இயக்குநர் படிக்கவில்லை. கட்டுரைகளைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

பேராசிரியர் படித்தார்.

ஏதோ குளிர்நாட்டு ஆய்வகம். இருநூற்று நாற்பது எலிகள். அதே இடம், அதே கத்தி. இருபது எலிகள் மறக்கவில்லை.

'பன்னிரண்டில் ஒன்று மறப்பதில்லை: மூளையில் நினைவுக்கு இரண்டாவது பாதை.'

கடைசி வரி மெதுவாக வந்தது.

'இப்படி ஓர் எலியை இதுவரை எவரும் கண்டதாகப் பதிவில்லை.'

நாற்காலிக்குப் பின்னால் நகங்களின் சத்தம் வந்து நின்றது.

மரியசூசைக்கு ஆங்கிலம் வராது. திரையைக் காட்டிக் கேட்டார்.

"என்ன சார் போட்டிருக்கு?"

எல்லோரும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பத்தாயிரம்" என்றார்.

எண் சரிதான்.