மகிழினியின் கை

ரத்தத்தில் நுரையீரலைக் காக்கும் காவல் புரதம் குறைந்தவனுக்கு எண்ணூர் ஆலையின் கதவு திறக்காது. சிகரெட் புகை அந்தப் புரதத்தைத் தின்றுவிடும். தணிகாசலத்துக்கோ சிகரெட் இல்லாமல் பொழுது விடியாது. அதனால் தினமும் காலையில் மனைவி செண்பகா கூடத்து இயந்திரத்தில் கையை வைப்பாள். அவள் ரத்தத்துப் புரதம் குழாய் வழியே அவன் உடம்பில் இறங்கும்.

இன்று அவள் கை பட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"குடுத்துக் குடுத்து வத்திப்போச்சு போல," என்றாள், முகம் வெளிற.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். வேலை போய்விடும்.

பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகள் மகிழினி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள். "என்கிட்ட எடுத்துக்கப்பா. எனக்கு நிறைய இருக்கும்."

"வேணாங்க, கொழந்தைங்க அது!" என்று தடுத்தாள் செண்பகா.

ஒருநாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மகளின் சின்னக் கையைப் பிடித்து இயந்திரத்தில் வைத்தான் தணிகாசலம்.

சிவப்பு.

இயந்திரத்தைத் தட்டினான், துடைத்தான், மறுபடியும் வைத்தான். சிவப்புதான். இவளிடமிருந்து இதுவரை ஒரு சொட்டுகூட எடுத்ததில்லையே! அவன் பார்வை தானாக ஜன்னலுக்குப் போனது. தினமும் அவன் நின்று புகை விடும் ஜன்னல். அதன் கீழே மகிழினியின் பாய்.

அப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் மிரண்டு போனாள்.

"நான் சிகரெட் புடிக்கலப்பா. சத்தியமா புடிக்கல."