பின்கதவுச் சத்தம்

முத்துக்கனி பின்சீட்டில் உட்கார்ந்து, வண்டியோட்டும் கணவனின் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

சத்தம் வந்தால் தட்ட வேண்டும். வராவிட்டால் கை சும்மா இருக்க வேண்டும்.

முதலாளியின் காரில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. மெத்தையின் சுகத்தை நினைக்கக்கூட நேரமில்லை. உப்பளத்தை ஒட்டிய குண்டும் குழியுமான பாதையில் இறங்கியதுமே தட்டினாள்.

இசக்கியப்பன் வண்டியை நிறுத்தினான்.

அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. இஞ்சின் சத்தமும் கேட்கவில்லை. ரங்கூனில் குண்டு விழுந்த அன்று அவன் லாரியில் இருந்தான். உயிர் தப்பியது. காது போய்விட்டது.

அங்கிருந்து ஊர் திரும்பி, தூத்துக்குடியில் காசிலிங்கம் அண்ணாச்சியிடம் டிரைவராகச் சேர்ந்தபோது அவன் அதைச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வான். இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரியும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான்.

காது கேட்காதவன் கையில் காரை யார் கொடுப்பார்கள்?

நேற்று அண்ணாச்சி அவன் முன்னால் வந்து நின்றார். “ஏலே, பின்னால என்னமோ கடகடன்னு அடிக்கி. பக்கத்துல இருக்கவன் பேசுதது கூட விளங்க மாட்டேங்கு. நாளைக்குச் சாயங்காலம் ஆள் வாராரு. அதுக்குள்ள சரி பண்ணிரு.”

ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோக முடியாது. எந்தப் பக்கம் கேட்கிறது என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வியாக இருக்கும்.

அதனால்தான் முத்துக்கனி வந்திருந்தாள்.

இசக்கியப்பன் முதலில் டூல்ஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓட்டினான். தட்டினாள். ஸ்டெப்னி சக்கரத்தைக் கயிறு போட்டு இறுக்கினான். தட்டினாள். பின்சீட்டைத் தூக்கி, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே சாக்கைத் திணித்தான்.

மறுபடியும் தட்டினாள்.

பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். இனி அதிக தூரம் ஓட்ட முடியாது. அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

முத்துக்கனி அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாயை நன்றாகத் திறந்து பேசினாள்.

“மெள்ளமாப் போங்க. நான் ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாக்கேன். எதைப் பிடிச்சா நிக்கோ, அதான் களவாணி.”

கார் ஊர்ந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் தரையில் மண்டியிட்டாள். இடது கை அவன் தோளில். வலது கையால் கைப்பிடியை அழுத்தினாள். கூரைத் துணியை அழுத்தினாள். வலப்பக்க ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

சத்தம் குறைந்தது; தட்டுவதும் மாறியது. மெதுவாக, விட்டு விட்டு.

கண்ணாடியை முழுக்க ஏற்றினாள். படபடவென்று தட்டினாள்.

இசக்கியப்பன் குதித்து இறங்கினான்.

கதவின் உள்பலகையைக் கழற்றியதும், கையை உள்ளே விட்டுக்கொண்டு ஆட்டச் சொன்னான். அவள் கதவை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினாள். கண்ணாடியைத் தூக்கும் இரும்புச் சட்டம் தகட்டில் மோதுவதை அவன் விரல்கள் பிடித்துவிட்டன. அதன் போல்ட் கழன்று கதவின் அடியில் கிடந்தது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்து, கை சிவக்கச் சிவக்க முறுக்கினான்.

திரும்பும் வழியில் அவள் கை அவன் தோளில் அசையாமல் கிடந்தது.

சாயங்காலம் ஆள் வந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் அரிசி மில் வைத்திருக்கும் ஆவுடையப்பன். அண்ணாச்சியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைக்குப் போகும் ரோட்டின் பள்ளங்களில் கார் இறங்கி ஏறியது. இசக்கியப்பன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்தான். முகத்தில் சுளிப்பு இல்லை. சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

அப்பாடா என்றிருந்தது. முத்துக்கனியிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஆவுடையப்பன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, டிரைவர் பக்கமாகக் கண்ணைக் காட்டி ஏதோ கேட்டார்.

அண்ணாச்சி சிரித்தார். அவர் உதடுகள் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தன.

“இடி விழுந்தாலும் அவனுக்குக் கேக்காது வே. அது தெரிஞ்சுதான் இவனைச் சேர்த்தேன். நீரு தாராளமாப் பேசும்.”

ஸ்டியரிங்கில் இசக்கியப்பனின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பின்னால் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று நடுங்கிய நடுக்கமெல்லாம் நினைவுக்கு வந்தது.

பிறகு பிடி இறுகியது.

ஆவுடையப்பன் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசத் தொடங்கியிருந்தார். ரேஷன் போடும் கண்ட்ரோல் கடைகளுக்குப் போக வேண்டிய அரிசி மூட்டைகள். அவற்றை உப்பு சேமிக்கும் கிட்டங்கியில் இறக்கி வைத்து, மேலே உப்பு மூட்டைகளை அடுக்கியிருக்கும் விஷயம். விலை ஏறும்வரை வெளியே விடக் கூடாது என்றார்.

அரிசி இல்லையென்று அன்று காலையும் முத்துக்கனியைக் கண்ட்ரோல் கடையிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். பசியோடுதான் காரில் ஏறியிருந்தாள்.

எந்தக் கிட்டங்கி என்று ஆவுடையப்பன் சொல்லப் போன நேரத்தில் கார் ஒரு பள்ளத்தில் குலுங்கியது. கண்ணாடியில் அவர் முகம் விலகிப்போனது.

இசக்கியப்பன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் தாழ்த்தினான்.