நீலச் சாயத்தில் எழுதிய எடை

ஹெலிகாப்டரின் இரைச்சல் நின்று நாலு நிமிடம் ஆகிறது. சரிவில் வெட்டிப்போட்ட செடார் மரத்தின் குறுக்கே ஹெலிகாப்டரின் இரும்பு வடம் துவண்டு கிடக்கிறது. கொக்கி இன்னும் மரத்தைப் பிடித்தபடி இருக்கிறது. பைலட் லோர்ன் மரத்தைத் தூக்க முடியாமல் மேலிருந்தே வடத்தைக் கழற்றிவிட்டு, ஹெலிகாப்டரோடு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துவிட்டான். மரப்பட்டையில் நீலச் சாயத்தில் 1800 கிலோ என்று எழுதியிருக்கிறது. கண்ணாலேயே எடையை மதிப்பிட்டு எழுதுவது ஆரினின் வேலை. அந்த எண்ணை நம்பித்தான் லோர்ன் மரத்தைத் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோவான். மூன்று நாளாக மழை, நனைந்த மரம் கனம் கூடும். பட்டையை அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. “மழைக்கு எவ்வளவுடா சேத்துப் போட்ட?” என்று கூட்டாளி வெண்டல் கேட்கிறான். “போட்டேன்னுதான் நெனைக்கிறேன்.” “நெனைக்கிறியா?” ஆரினின் கை தானாக அந்த எண்ணின் மேல் போய்த் தேய்க்கிறது. எண் அழியவில்லை, கையுறைதான் நீலமாகிறது. முகட்டில் எழுவது புகையா மூடுபனியா என்று தெரியவில்லை. கீழே கடலில் இழுவைப் படகு அடுத்த மரத்துக்காகக் காத்திருக்கிறது. அவன் மார்பில் தொங்கும் வாக்கிடாக்கி கரகரக்கிறது. முதலில் இருமல் கேட்கிறது, பிறகு லோர்னின் குரல்: “ஆரின்... வடம் உன் மேல விழலையே? ஏதாவது பேசுடா.” நீலக் கையுறை வாக்கிடாக்கியின் பொத்தான் மேல் இருக்கிறது. அழுத்தத்தான் வரவில்லை.