நாலாவது பெயர்

கேளுங்க கண்ணுங்களா. வைதேகி என்ற பெண் பல்கலைக்கழகத்தில் மொபைல் ஆப் செய்யப் படித்தாள். அவள் செய்த ஆப்பில் ஒரே ஒரு பொத்தான். வீட்டுக்குப் போனதும் அழுத்தினால் மற்றவர்களுக்கு 'வந்துட்டேன்' என்று செய்தி போகும்.

சோதித்துப் பார்க்க நாலு பேர் வேண்டும். அவள், அம்மா சரசு, தோழி ஷபானா என்று மூவர்தான் இருந்தார்கள். அதனால் ரகுபதி என்று இல்லாத ஒருவர் பெயரைச் சேர்த்து, மார்சிலிங்கில் தன் வீட்டு முகவரியையே கொடுத்தாள். பிறகு அழிக்க மறந்துவிட்டாள்.

மதிப்பெண் போடும் நாள், மதியம். விரிவுரையாளர் பிரபாகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் வந்தது: 'ரகுபதி: வந்துட்டேன்.'

"நல்லா ஓடுது லா! யாரு ரகுபதி?"

"சும்மா போட்ட பேரு சார். அப்படி யாருமே இல்லை."

"மாட்டிக்கிட்டியா!" என்று ஷபானா சிரித்தாள்.

வைதேகி சிரிக்கவில்லை. சாங்கி விமான நிலையத்தில் காலை ஷிஃப்ட் முடிந்து அம்மா தனியாக வீட்டுக்கு வரும் நேரம் அது. அவசரமாக அந்தப் பெயரை அழித்துவிட்டு அம்மாவை அழைத்தாள்.

"உன் கூட்டாளி வீட்டுல இருக்காருன்னு சொல்ல மாட்டியா?" என்றாள் அம்மா. "அவருதான் கதவைத் திறந்துவிட்டாரு. பாவம், முகமே வாடிப் போச்சு. தன் பேரை நீ ஏன் இப்போ அழிச்சேன்னு கேக்குறாரு."