பதினோரு மணிச் சங்கு

"அந்தாளு பேரச் சொன்னா இப்ப நண்டு சிண்டெல்லாம் சிரிக்குது மக்களே. சுவர்முட்டி விஜய்ஆனந்த்!"

தமிழ்மாறனின் யூடியூப் சேனலில் எந்த வீடியோவும் இந்த அர்ச்சனை இல்லாமல் தொடங்காது.

விஜய்ஆனந்த் ஒரு காலத்தில் பெரிய ஆள்தான். மதுரையில் உட்கார்ந்தபடி அவர் செய்த துப்பாக்கிச் சண்டை கேம் ஓடாத பிரவுசிங் சென்டரே கிடையாது. அடுத்த கேமை இதோ அதோ என்று ஏழு வருடம் இழுத்தார். வெளியான அன்று பார்த்தால், எதிரிச் சிப்பாய்கள் சுடுவதை விட்டுவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தோடு மனுஷர் காணாமல் போனார். பட்டப்பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. வைத்த புண்ணியவான் தமிழ்மாறன்தான்.

ஆனால் இப்போது அவன் சேனலும் படுத்துவிட்டது. துப்பாக்கி கேம்களின் லட்சணம் அப்படி. சுடுவதைவிட, துப்பாக்கிக்குத் தங்கப் பெயின்ட் அடிப்பதும், சுட்டுவிட்டு டான்ஸ் ஆடுவதும்தான் விளையாட்டு என்றாகிவிட்டது. இதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அதனால் தமிழ்மாறன் ஒரு சவால் விட்டான். கப்பலூர் தொழிற்பேட்டையில் விருமாண்டி என்பவர் புதிதாகக் கேம் கம்பெனி தொடங்கியிருந்தார். தன் கேமில் எதிரி ஏஐதான், மனுஷ மூளையையே மிஞ்சும் என்று ஊரெல்லாம் விளம்பரம். அந்த ஏஐயிடம் தோற்றால் சேனலையே மூடிவிடுவதாகத் தமிழ்மாறன் அறிவித்துவிட்டான். வாய் அவனுக்கு எப்போதும் ஒரு அடி முன்னால் போகும்.

விருமாண்டி அந்தக் கம்பெனி ஷெட்டில் இரண்டு வருடம் முன்புவரை பிளாஸ்டிக் குடம் செய்தவர். முன்னறையில் தமிழ்மாறனுக்கு ஒரு கம்ப்யூட்டரும் மைக் வைத்த ஹெட்போனும் கொடுத்தார். உள்ளறைக் கதவில் 'மிஷின் ரூம், யாரும் வரக் கூடாது' என்று ஒட்டியிருந்தது.

பத்தரைக்கு லைவ் தொடங்கியது. மொத்தம் மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் மிஷினுக்கு. இரண்டாவதைத் தமிழ்மாறன் தட்டுத்தடுமாறி ஜெயித்தான். மிஷினின் ஆட்டத்தில் அவனே சொக்கிப்போனான்.

"பாத்தீங்களா மக்களே, ஒரு தடவகூடச் சுவத்துல முட்டல. யாராச்சும் இத அந்தாளுக்கு அனுப்பி வைங்க."

மூன்றாவதில் அவன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரு பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கியிருந்தான். கையில் ஒரே ஒரு குண்டு. மிஷின் அவனைத் தேடிக்கொண்டு நெருங்கி வந்தது. லைவுக்குப் போகும் தன் மைக்கை மட்டும் அணைத்துவிட்டு, திருப்பரங்குன்றம் இருக்கும் திசையைப் பார்த்து முனகினான்.

"முருகா, இதுல தோத்தா சேனல் போச்சு. முத்துமீனாவுக்கு அடுத்த மாசம் பிரசவம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாமனார் வீட்டுல போயி நிப்பேன்?"

அப்போது பதினோரு மணிச் சங்கு ஊதியது.

கப்பலூரில் அந்தச் சங்குக்குத் தனி மரியாதை உண்டு. ஊதினால் லேத் நிற்கும். லாரியில் ஏற்றுகிற மூட்டை பாதியில் நிற்கும். டீக்கார தவசி கேனோடு ஒவ்வொரு ஷெட்டாக நுழைவார்.

இன்று மிஷினும் நின்றது. பீப்பாய்க்கு எதிரே, துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, சும்மா நின்றது. தமிழ்மாறன் யோசிக்கவே இல்லை. இருந்த ஒரு குண்டையும் அதன் மேல் போட்டான்.

ஜெயித்தாயிற்று. லைவில் வாழ்த்து கொட்டியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி சொல்லி லைவை முடித்தவனுக்கு ஆசை அடங்கவில்லை. தோற்ற மிஷினோடு ஒரு செல்பி எடுக்கலாம் என்று, விருமாண்டி தடுப்பதற்குள் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே மிஷின் எதுவும் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன. நாற்காலியில் ஹெட்போனோடு, நரைத்த தாடியோடு, விஜய்ஆனந்த்.

விருமாண்டி தலையைச் சொறிந்தார். "ஏஐக்கு ஆர்டர் குடுத்துருக்கேன் தம்பி. அது வார வரைக்கும் அண்ணன் சமாளிக்கிறாரு."

"எம்புட்டு நாளா?"

"ஒன்றரை வருசமா."

பிறகு கோபமெல்லாம் விஜய்ஆனந்த் மேல் திரும்பியது. ஜெயிக்கிற ஆட்டத்தில் எதற்கு நின்றாய் என்று விருமாண்டி எகிறினார்.

"சங்கு ஊதிருச்சுல்ல. டீக்கு எந்திரிச்சுட்டேன்" என்றார் விஜய்ஆனந்த்.

விருமாண்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். வேலையைவிட்டே தூக்கியிருப்பார். ஆனால் அவருக்கு வேறு ஏஐ கிடைக்காது.

தமிழ்மாறனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு டீக்காக ஆட்டத்த விட்டுட்டீங்களேண்ணே. இப்படித்தான் அந்த கேமையும் பாதியில விட்டுட்டு டீக்குப் போயிருப்பீங்க."

"இருக்கும் தம்பி" என்று அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மாலை வீடியோவுக்கு 'டீக்குப் போன ஏஐ' என்று போனில் தலைப்பை அடித்துக்கொண்டே வெளியே வந்தான் தமிழ்மாறன். சேனல் இனி ஆறு மாதத்துக்கு ஓடும். வாசலில் தவசி கேனை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு டீ ஊத்துங்கண்ணே. விஜய்ஆனந்த் சாரையே துப்பாக்கியக் கீழ போட வச்ச டீயாச்சே."

தவசி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, அந்த உள்ரூம்பு அண்ணனா? அவரு டீயே குடிக்க மாட்டாரு தம்பி. சங்குக்கு எந்திரிச்சும் நான் பாத்ததில்ல. காதுல மாட்டுனதக் கழட்டுனாத்தான அவருக்குச் சங்கு கேக்கும்? அதுக்குள்ள பேசுறது மட்டுந்தான் அவருக்குக் கேக்கும்."