வெண்கட்டிக் கோடு

பதுளைக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். ஜன்னலிலிருந்து கதவுவரை குணமணி டீச்சர் சீமெந்துத் தரையில் இழுத்த வெண்கட்டிக் கோட்டின்மேல், புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி ஆர்த்திகா நடக்கிறாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்தால் தொண்டையிலேயே நின்றுவிடும் சொற்கள், கால் நகர நகர ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஜன்னலருகே அவள் முகத்தில் வெயில், கதவருகே நிழல். பாதங்கள் பட்டுப்பட்டுக் கோடு பாதி அழிந்திருக்கிறது. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேற்பார்வைக்கு வந்திருக்கும் யாழ்ப்பாணத்து அதிகாரி மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறார். “ஏன் டீச்சர், இந்தப் பிள்ளை ஓரிடத்தில இருக்காமல் நடந்து திரியுது?” பயிற்சியில் படித்த உளவியலையெல்லாம் சொல்ல டீச்சர் வாயெடுக்கிறார். அதற்குள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, எழுதுவதிலிருந்து தலை நிமிராமலே சொல்கிறாள்: “நடக்கலைங்க சார், அவ வாசிக்கிறா.”