ரப்பர் பேண்ட்

"மறுபடியும் ரப்பர் பேண்டா?"

குளியலறையிலிருந்து ஷாம்பு பாட்டிலோடு வந்தார் மெக்கானிக். பாட்டிலின் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட். போன வாரம் அவரே கழற்றி எறிந்தது. நேற்றும் எறிந்தார்.

"கைப்பழக்கம். புது பாட்டில் வந்தா மாட்டிடறேன்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"இது பழைய பாட்டில்."

"அப்ப பழைய பழக்கம்."

ரப்பர் பேண்ட் அவர் ஏற்பாடுதான். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு உலகமே கரைத்த சுண்ணாம்பு. தரை துடைக்கும் திரவமும் ஷாம்புவும் ஒரே உயரம், ஒரே எலுமிச்சை வாசனை. ஒருநாள் மாற்றித் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனார். "சோடாபுட்டி, யார்ப்பா உன்னைத் துடைச்சு விட்டது?" என்று பணிமனையே சிரித்தது. அன்று மாட்டியதுதான் முதல் ரப்பர் பேண்ட். அதன் பிறகு அடுப்புத் திருகில் ஒரு பொட்டு நகப்பூச்சு, மாடிப்படி ஓரங்களில் மஞ்சள் டேப்.

இப்போது கண்ணாடியே இல்லை. லேசர் செய்து நான்கு மாதம் ஆகிறது. அவளேதான் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனாள். ஆனாலும் அவர் விரல் மட்டும் இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தது. இன்று காலையிலிருந்து அது ஓயவில்லை.

"எதிர் மாடியில துணி காயுது பார். எத்தனை கிளிப் இருக்குன்னு இங்கிருந்தே சொல்லவா?"

"சொல்லுங்களேன்."

ஜன்னலுக்குப் போய் எண்ணினார். "ஏழு. ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"கெட்டிக்காரர்," என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பாமலே.

அவருக்குச் சுருக்கென்றது. அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். மூடியே கிடந்த தையல் மெஷினில் முட்டிக்கொண்டார்.

"இதை ஏன் நடுவுல போட்டிருக்கே? தைக்கறதும் இல்ல."

"இப்ப யாரு தைக்கக் குடுக்கறாங்க? எல்லாம் ரெடிமேட். அது இருக்கட்டும், மேனேஜருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அதுதான் காலையிலிருந்து அவரை உட்காரவிடாத கேள்வி. பாதி வாழ்க்கையை பஸ்ஸுக்கு அடியில் படுத்தே கழித்தவர். சோடாபுட்டிக்கு ஸ்டியரிங் கிடையாது என்று சொல்லியே வைத்திருந்தார்கள். போன வாரம் கண் பரிசோதனையில் கடைசி வரி வரை படித்துக் காட்டினார். இப்போது டிரைவராகவே கூப்பிடுகிறார்கள். வெளியூர் வண்டி. போனால் நாலாம் நாள்தான் வீடு. இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

"போங்கன்னு நான் சொல்லி ஒரு வாரமாச்சு," என்றாள்.

"நீ சொல்றே. வீடு வேற சொல்லுதே." அடுப்புத் திருகைக் காட்டினார். "பொட்டு அழிஞ்சதும் புதுசா வெச்சிருக்கே. படியில டேப் மாத்தியிருக்கே. எல்லாம் எதுக்கு? என் கண்ணு திரும்பப் போயிடும்னு தானே?"

"நாக்குல நல்ல வார்த்தையே வராதா?"

"கட்டினவளே நம்பலைன்னா, முதுகுக்குப் பின்னால நாப்பது உயிரை உக்கார வெச்சு எப்படி ஓட்டுவேன்?"

"நம்பாமயா தினமும் உங்களைப் பேப்பர் படிக்கச் சொல்றேன்?"

"படிக்கவா சொல்றே? பரீட்சை வெக்கறே. ஊசி கோக்கச் சொல்றே, மாத்திரை அட்டையில தேதி பாக்கச் சொல்றே. ஆபரேஷன் அன்னிக்கே உனக்கு நம்பிக்கை இல்ல. கண்ணுக்கு மூடி போட்டு வெளிய கொண்டாந்து உக்கார வெச்சாங்க. கூப்பிடறேன், கூப்பிடறேன், உன்னைக் காணோம்."

"டீ குடிக்கப் போனேன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"புருஷன் கண்ணு உள்ள, பொண்டாட்டி டீக்கடையில."

அவள் லேசாகச் சிரித்தாள். மடித்த துணிகளிலிருந்து துண்டை மட்டும் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் குளிச்சுட்டு வரேன். ஷாம்புவை அதே இடத்துல வெச்சுடுங்க. வரதுக்குள்ள மேனேஜருக்கு சரின்னு சொல்லிடணும்."

அவர் முடிவெடுத்தார். ரப்பர் பேண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு பாட்டிலைக் குளியலறையில் வைத்தார். அவள் உள்ளே போனதும் பிளேடால் நகப்பூச்சைச் சுரண்டினார். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து டேப்பை உரித்தார். எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போட்டு மூடியபோதுதான் மூச்சு சீரானது. போனை எடுத்தார்.

"சார், நாளைக்கே வண்டி எடுக்கறேன்."

அந்தப் பக்கம் மேனேஜர் என்னவோ வாழ்த்திக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு திறந்தது. முதலில் வந்தது எலுமிச்சை வாசனை. ஷாம்புவைவிடக் காட்டமாக, அப்போதுதான் துடைத்த வராண்டாவின் வாசனை. அவளுடைய முடி நுரையே காணாமல் பிசுபிசுவென்று தோளில் ஒட்டிக்கிடந்தது.

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இப்ப யாரு சோடாபுட்டி? பாட்டில்ல இவ்வளவு பெரிசா எழுதியிருக்கானே..."

சிரிப்பு பாதியில் நின்றது. விரல் மூக்குக்குப் போய் அங்கேயே நின்றது.

"அன்னிக்கு நான் டீ குடிக்கப் போகலைங்க. பக்கத்து ரூம்ல என் கண்ணைக் காட்டிட்டு இருந்தேன். உங்களுக்குச் செஞ்ச லேசர் என் நரம்புக்கு எட்டாதாம்," என்றாள் அவள், தலையைத் துவட்டியபடியே. "வண்டியை எடுங்க. அந்த ரப்பர் பேண்டை மட்டும் மறுபடி மாட்டிட்டுப் போங்க."